மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணி டொக்டர் மேரி ரட்ணம்

நாடாளுமன்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால் நமது வீட்டு வாசலில் எரியாத தெருவிளக்கைத் திருத்துவது யார், மாரியில் நிரம்பி வழியும் வடிகானைத் துப்புரவாக்குவது யார், சந்தையில் விற்கும் மீனும் இறைச்சியும் நல்லவையா என்று பார்ப்பது யார் என்று கேட்டால், உயர்தரம் படிக்கும் நாமே சற்று யோசிப்போம். மனிதருடைய அன்றாட வாழ்வுக்கு மிக அருகில் இருக்கும் அரசு, உள்ளூராட்சி மன்றம்தான். மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று மூன்று வகையாக அது நம் நாட்டில் இயங்குகிறது. அந்த மன்றங்களின் கதவு பெண்களுக்கு நீண்ட காலம் திறக்கப்படவில்லை. கொழும்பு மாநகர சபையில் அதனை முதலில் திறந்தவர், தூர தேசத்தில் பிறந்து, யாழ்ப்பாணத்து மருமகளாக இங்கு வந்து, இந்த மண்ணிலேயே மறைந்த ஒரு மருத்துவர். அவரே டொக்டர் மேரி ரட்ணம்.

1873 ஆம் ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், எலோரா என்னும் சிற்றூரில் மேரி இர்வின் பிறந்தார். பெண்கள் மருத்துவம் படிப்பதைப் பலர் ஏளனமாகப் பார்த்த காலம் அது. ஆண்களுடைய மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காத காரணத்தால், டொரொன்டோ நகரில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. மேரி அங்கே பயின்று டொக்டரானார்.

அவர் வளர்ந்த நாட்டில் பெண்களுக்கு அரசியலில் என்ன இடம் இருந்தது என்பதையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். ஒன்டாரியோவில் 1884 ஆம் ஆண்டு முதல், சொத்துள்ள விதவைகளும் திருமணமாகாத பெண்களும் உள்ளூர் சபைத் தேர்தல்களில் வாக்களிக்கலாம் என்று சட்டம் வந்தது. கணவன் உள்ள பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. அயல்நாடான அமெரிக்காவிலும் இத்தகைய நிலையே. அங்கே வாக்குரிமை யாருக்கு என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே தீர்மானித்து வந்தது. வயோமிங் 1869 இல் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. கன்சாஸ் மாநிலம் 1887 இல் நகர சபைத் தேர்தல்களில் மட்டும் கொடுத்தது. அதே ஆண்டு அந்த மாநிலத்தின் ஆர்கோனியா என்னும் சிறிய ஊரில் சுசானா சால்டர் என்ற இளம்பெண் நகர முதல்வராகத் தெரிவானார். பெண் என்ற காரணத்துக்காக வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்ற சட்டத் திருத்தம் அமெரிக்க நாடு முழுவதற்கும் 1920 இல்தான் வந்தது. ஊர் மன்றத்திலும் மாநிலத்திலும் தொடங்கிய மாற்றம் பிறகே தலைநகரைச் சென்றடைந்தது. இந்தப் பாடம் பின்னாளில் மேரியின் வாழ்விலும் தெரிகிறது.

படிப்பை முடித்த மேரி, யாழ்ப்பாணத்தில் 1816 முதல் இயங்கிவந்த அமெரிக்க மிஷனில் மருத்துவராகச் சேர்ந்தார். இலங்கைக்குப் புறப்படும் முன்பே, அமெரிக்காவுக்கு வந்திருந்த யாழ்ப்பாணத் தமிழரான கனகரட்ணம் என்னும் கல்வியாளரைச் சந்தித்தார். 1896 இல் நியூயோர்க்கில் இருவருக்கும் திருமணம் நடந்தது. அந்தத் திருமணமே அவருக்குச் சோதனையாக அமைந்தது. இந்நாட்டு மக்களுக்குத் தொண்டு செய்ய வந்த வெள்ளைக்காரப் பெண், இந்நாட்டவர் ஒருவரின் மனைவியாக இருப்பதை மிஷனில் இருந்தவர்களால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. யாழ்ப்பாணத்தில் அவருக்கென்று இருந்த பணி கைவிட்டுப் போனது.

புதுமணப்பெண், புதிய நாடு, வேலையும் இல்லை. வேறொருவராயின் அடுத்த கப்பலில் திரும்பியிருப்பார். மேரி கொழும்புக்குச் சென்றார். அரசாங்கத்தின் பெண்கள் வைத்தியசாலையான லேடி ஹெவ்லொக் வைத்தியசாலையில் கடமையாற்றிய பின், தாமே தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். ஆண் மருத்துவரிடம் போகக் கூச்சப்பட்டு நோயை மறைத்து வைத்திருந்த பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள். நமது உம்மும்மாமார் காலத்தில் பெண் டொக்டர் ஒருவர் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை வீட்டில் கேட்டுப் பார்த்தால், அந்தப் பெண்களின் நிம்மதி நமக்குப் புரியும்.

ஆனால் மருந்து கொடுப்பதோடு அவருடைய மனம் நிறைவடையவில்லை. அழுக்கு நீரைக் குடித்து நோயுற்ற பிள்ளைக்கு மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால், அந்தப் பிள்ளை அதே நீரைத்தான் மீண்டும் குடிக்கும். நெருக்கமான சேரி வீட்டில் காசநோய் பிடித்த தாய்க்கு வைத்தியம் செய்தாலும், அந்த வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் வரப்போவதில்லை. நீர், வடிகான், குப்பை, வீடு ஆகியவற்றைச் சீர்செய்யும் அதிகாரம் வைத்தியரிடம் இல்லை. அது சபையிடம் இருந்தது. சபையிலோ பெண்கள் இல்லை.

எனவே அவர் பெண்களை ஒன்றுசேர்க்கும் வேலையில் இறங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைப் பெண்கள் சங்கத்தை அமைப்பதில் பங்குகொண்டார். 1909 இல் தோன்றிய தமிழ்ப் பெண்கள் சங்கத்திலும் உழைத்தார். இந்நாட்டில் பெண் சாரணியத்தைத் தொடங்கியவர்களிலும் அவர் ஒருவர். பாடசாலைப் பிள்ளைகளுக்காகச் சுகாதாரப் பாடநூல்களும் எழுதினார்.

1927 இல் இலங்கையின் அரசியலமைப்பை மாற்றுவது பற்றி ஆராய டொனமூர் ஆணைக்குழு இங்கு வந்தது. அப்போது நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கே வாக்குரிமை இருந்தது. அவர்களுள் பெண் ஒருவர்கூட இல்லை. பெரிய தலைவர்கள் பலரும் பெண்களுக்கு வாக்குரிமை தேவையில்லை என்றே எண்ணினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. அதன் தூண்களில் ஒருவராக மேரி விளங்கினார். சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வாவும் ஏனைய பெண்களும் ஆணைக்குழுவின் முன் சென்று தமது கோரிக்கையை எடுத்துரைத்தார்கள். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று ஆணையாளர்கள் வினவியபோது, அவர்களும் பெண்கள்தானே என்று தயங்காமல் பதிலளித்தார் அக்னஸ்.

முப்பது வயது நிரம்பிய பெண்களுக்கு வாக்கு வழங்கலாம் என்று ஆணைக்குழு சிபாரிசு செய்தது. ஆண்களுக்கோ இருபத்தொன்று. முடிவில் இருபாலாருக்கும் இருபத்தொரு வயது என்றே சட்டமானது. 1931 இல் நடந்த அரசுச் சபைத் தேர்தலில், ஆசியாவிலேயே முதன்முறையாக, ஆண்களும் பெண்களும் சமமாக வாக்களித்தார்கள். பிரான்ஸ் நாட்டுப் பெண்கள் அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வாக்களித்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் நாம் பெருமைப்படலாம். அதே 1931 இல் இடைத்தேர்தலில் அட்லின் மொலமூரேயும், அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்துவும் அரசுச் சபைக்குத் தெரிவானார்கள்.

வாக்கு கிடைத்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்தத் தெரிந்த பெண்கள் கிராமங்களில் உருவாக வேண்டும் என்று மேரி கருதினார். அவருடைய தாயகமான ஒன்டாரியோவில் 1897 இல் அடலேட் ஹூட்லெஸ் என்பவர் கிராமத்துப் பெண்களுக்கான நிறுவனமொன்றைத் தொடங்கியிருந்தார். அதை முன்மாதிரியாகக் கொண்டு 1930 இல் லங்கா மஹிலா சமித்தியை மேரி ஆரம்பித்தார். கிராமத்துப் பெண்களே ஒன்றுகூடி, குழந்தை வளர்ப்பு, சுகாதாரம், கைப்பணி, வீட்டுத்தோட்டம் என்பவற்றைக் கற்று, தங்கள் ஊரின் தேவைகளைத் தாங்களே பேசித் தீர்மானிக்கும் இடமாக அது வளர்ந்தது. கூட்டத்தில் எழுந்து நின்று பேசப் பழகுவது, பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பது, பொதுப் பணத்துக்குக் கணக்கு வைப்பது ஆகிய மூன்றும் இல்லாமல் உள்ளூராட்சி இல்லை.

1937 ஆம் ஆண்டு வந்தது. அதுவரை கொழும்பு மாநகர சபையின் தலைவராக அரசாங்கம் நியமித்த அதிகாரியே இருந்துவந்தார். அந்த ஆண்டில்தான் உறுப்பினர்களே தங்கள் முதல்வரைத் தெரிவு செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. தெரிவான முதலாவது முதல்வர் டொக்டர் இரத்தினஜோதி சரவணமுத்து. அரசுச் சபை உறுப்பினரான நேசம் சரவணமுத்துவின் கணவர் அவர். மக்களுடைய சபையாக அது மாறிய அதே ஆண்டில், பம்பலப்பிட்டி வட்டாரத்தில் மேரி ரட்ணம் போட்டியிட்டு வென்றார். அப்போது அவருக்கு வயது 64. பேரப்பிள்ளைகளோடு ஓய்வாக இருக்கும் வயதில், கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் என்ற பெயரைப் பெற்றார்.

வட்டாரத்திலிருந்து தெரிவாகும் உறுப்பினர் செய்வதென்ன? நகரத்தின் சொத்துகளுக்குச் சோலைவரி அறவிடப்படுகிறது. அந்தப் பணத்தை எந்த வீதிக்கு, எந்த வடிகானுக்கு, எந்தத் தாய் சேய் நிலையத்துக்கு, எந்த நூலகத்துக்குச் செலவிடுவது என்று ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் தீர்மானிக்கிறார்கள். அந்த மேசையில் இருக்கும் ஒருவருக்குச் சேரி வீட்டின் உட்புறம் தெரிந்திருந்தால், அங்கே குழந்தை ஏன் இறக்கிறது என்பது தெரிந்திருந்தால், பணம் போகும் திசை மாறும். நாற்பது ஆண்டுகளாகப் பெண்களின் நாடியைப் பிடித்துப் பார்த்தவர் அந்த மேசைக்கு வந்ததன் பொருள் இதுவே.

ஆயினும் அந்த ஆசனம் அவருக்கு நிலைக்கவில்லை. தேர்தலில் ஏற்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு நடைமுறைக் குறையைக் காட்டித் தொடுக்கப்பட்ட மனுவின் காரணமாக, அவர் பதவியை இழக்க நேர்ந்தது. மிஷன் கைவிட்டபோது எப்படியோ, அப்படியே இப்போதும் அவர் மனம் சோர்ந்து வீட்டில் இருக்கவில்லை. மஹிலா சமித்தியோடு கிராமங்களுக்குச் சென்றார். 1944 இல் உருவான அகில இலங்கைப் பெண்கள் மாநாட்டிலும் பங்குகொண்டார். 1958 இல், அவருடைய 85 ஆவது வயதில், ஆசியாவின் உயர்ந்த விருதுகளில் ஒன்றாகிய மக்சேசே விருது பொதுச்சேவைக்காக அவருக்கு வழங்கப்பட்டது. 1962 இல் அவர் காலமானார்.

அவர் இழந்த ஆசனம் வீணாகிவிட்டதா? இல்லை. 1946 இல் அதே பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டது. கேரளத்தில் பிறந்து, திருமணத்தின் பின் இலங்கைக்கு வந்த ஆயிஷா ரவூப் அதன் முதல் அதிபரானார். முஸ்லிம் பெண் பிள்ளைகளின் கல்விக்காக வீடு வீடாகப் பெற்றோரின் மனத்தை மாற்ற வேண்டியிருந்த காலம் அது. 1949 இல் அவர் கொழும்பு மாநகர சபைத் தேர்தலில் வென்று, அச்சபையின் முதல் முஸ்லிம் பெண் உறுப்பினரானார். பிற்பாடு பிரதி முதல்வர் பதவியையும் வகித்தார். மேரி திறந்த கதவு மூடப்படவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் நம்மவர் ஒருவரே அதன் வழியாக உள்ளே சென்றுவிட்டார்.

அதன் பிறகு வேகம் குறைந்துவிட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் பிரதேச சபைகள் உருவாயின. அதற்குப் பின்னும் பல ஆண்டுகளாக உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பெண்களுக்கு 25 வீதம் ஒதுக்க வேண்டும் என்ற சட்டத் திருத்தத்தின்படி 2018 பெப்ரவரியில் தேர்தல் நடந்த பிறகே சபைகளில் பெண் குரல் கேட்கத் தொடங்கியது. எண்ணிக்கை வந்துவிட்டது, இனி அந்த ஆசனத்தில் இருப்பவர் சட்டம் தெரிந்தவராக, கணக்குக் கேட்கத் துணிந்தவராக இருக்க வேண்டும்.

இதை நமது ஊரைவிட வேறெந்த ஊர் நன்றாக உணரும்? 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் பெரியவர்களும் நீரில் மூழ்கி உயிரிழந்தார்கள். புத்தகப் பையோடு போன பிள்ளை வீடு திரும்பாத அந்த நாளை இங்கே மறந்தவர் எவருமில்லை. பாலம் யாருடைய பொறுப்பு, பாதைக்கு அனுமதி வழங்குவது யார், அதில் எத்தனை பேர் ஏறலாம் என்று பார்ப்பது யார் என்ற கேள்விகள் அன்றைக்குத்தான் எல்லோருடைய வாயிலும் வந்தன. அவை பாதை கவிழ்வதற்கு முன்பே ஒரு சபைக் கூட்டத்தில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.

அத்தகைய கேள்வியை நேரத்தோடு கேட்கும் ஒருவர், இந்தச் சஞ்சிகையைக் கையில் வைத்திருக்கும் மாணவிகளுக்குள்ளேயே இருக்கலாம். பெற்றோர்களே, உங்கள் மகள் சபையின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றி வீட்டில் கேட்டால், அது பெண் பிள்ளைக்கு எதற்கு என்று சொல்லிவிடாதீர்கள். தெரிந்ததைச் சொல்லிக்கொடுங்கள்; தெரியாததை அவளோடு சேர்ந்து தேடுங்கள். எங்கோ பிறந்த மேரி ரட்ணம் இந்நாட்டுப் பிள்ளைகளின் தண்ணீருக்காகவும் வடிகானுக்காகவும் 64 வயதில் வாக்குக் கேட்டு வந்தார். இந்த மண்ணிலேயே பிறந்த நமக்கு அந்தப் பொறுப்பு அவரைவிடக் குறைந்ததல்ல.