உம்மம்மாவும் மேரி கியூரியும்

எங்கள் ஊரில் அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னார் மஹரகமைக்குப் போய்வருகிறாராம் என்றால் போதும். கேட்பவர் தலையை அசைத்துவிட்டுப் பேச்சை மாற்றிக்கொள்வார். சென்ற வருடம் அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் உம்மம்மாவுக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய்.

ஐந்து வாரங்கள் வெளியிலிருந்து கதிர் பாய்ச்சினார்கள். அதை உம்மம்மா பொறுமையாகத் தாங்கிக்கொண்டார். அதன் பிறகு கதிர் மூலத்தை உடலுக்குள்ளேயே வைத்துச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று டொக்டர் சொன்னபோதுதான் வீடு கலங்கியது. உள்ளே வைத்தது உள்ளேயே தங்கிவிடாதா, அது பக்கத்தில் இருப்பவரையும் தாக்காதா என்று ஆளாளுக்கு ஒரு பயம். சுகம் விசாரிக்க வந்த உறவுக்காரப் பெண் ஒருவர், இனிச் சிறுபிள்ளைகளை இவர் அருகில் விட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். யாரும் அதை மறுக்கவில்லை. உம்மம்மாவின் பீங்கானும் கோப்பையும் தனியாயின. சிறு வயது முதல் அவர் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள் நான். முதல் தடவை அந்தச் சிகிச்சை முடிந்து அவர் வீடு வந்த இரவு, பாயைச் சுருட்டிக்கொண்டு ஹோலுக்குப் போய்விட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் அதை நம்பிவிட்டார் போலும்.

இத்தனைக்கும் நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் மாணவி. கதிர்த்தொழிற்பாட்டுப் பாடம் வந்தபோது, அதற்கு முன் மேரி கியூரி அம்மையாரின் வாழ்க்கையைப் படித்துவிட்டு வரும்படி எங்கள் ஆசிரியை சொன்னார். பரீட்சைக்கு வராத விடயம் எதற்கு என்று மனதுக்குள் முணுமுணுத்தபடிதான் நூலகத்துக்குப் போனேன்.

மேரி 1867 நவம்பர் 7இல் போலந்தின் வார்சோ நகரில் பிறந்தவர். வீட்டுப் பெயர் மரியா. அப்போது அந்த நாடு ரஷ்யப் பேரரசின் பிடியில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் படிப்பதே குற்றம். மூத்த சகோதரி காய்ச்சலில் இறந்தார். பத்து வயதில் தாயாரையும் காசநோய் கொண்டுபோயிற்று. வார்சோப் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்கவில்லை. அக்கா புரோனியாவுக்கோ பாரிஸ் சென்று வைத்தியம் படிக்க ஆசை. இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். தங்கை உழைத்து அக்காவைப் படிப்பிப்பது, அக்கா டொக்டரானதும் தங்கையை அழைத்துக்கொள்வது. அந்த வாக்குக்காக மரியா வசதியான குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லிக் கொடுத்தார். ஓய்வு நேரத்தில் கிராமத்து ஏழைப் பிள்ளைகளுக்கு இரகசியமாகப் போலிஷ் எழுத்துகளைக் கற்பித்தார். பிடிபட்டிருந்தால் தண்டனைதான்.

1891இல், 24ஆவது வயது நிறையும் தறுவாயில், பாரிஸ் போய்ச் சேர்ந்தார். சோர்போனில் பெண்கள் மிகக் குறைவு. மாடி அறையில் குளிருக்குக் கையிலிருந்த துணிகளையெல்லாம் போர்வை மேல் குவித்துக்கொண்டு தூங்கினார். பாணும் தேநீருமாக நாட்களைக் கடத்தி ஒருமுறை மயங்கியும் விழுந்தார். 1893இல் பௌதிகவியலில் முதலாமிடத்திலும் அடுத்த ஆண்டு கணிதத்தில் இரண்டாமிடத்திலும் சித்தியடைந்தார். 1895இல் பியர் கியூரியை மணந்தபோது வெள்ளை ஆடை வேண்டாமென்று, பின்னர் ஆய்வுகூடத்துக்கும் உடுத்திப் போகக்கூடிய கருநீல உடை ஒன்றையே தெரிந்தெடுத்தார். எங்கள் கலியாண வீடுகளை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

யுரேனியத்திலிருந்து தானாகவே ஒரு கதிர் வெளிவருவதை 1896இல் பெக்கரல் கண்டிருந்தார். மேரி அதை அளக்கத் தொடங்கினார். பிட்ச்பிளென்ட் என்ற தாதுவில், அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு இருந்தது. அப்படியானால் அதற்குள் வேறு ஏதோ ஒளிந்திருக்க வேண்டும். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம் என்று கணவனும் மனைவியுமாக இரண்டு மூலகங்களை அறிவித்தார்கள். ஆனால் கண்ணால் காணாத மூலகத்தை இரசாயனவியலாளர்கள் ஏற்பார்களா? பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். அதற்குக் கிடைத்த இடம், முன்னர் வைத்திய மாணவர்கள் பிரேதங்களை அறுத்துப் படித்த, கூரை ஒழுகும் ஒரு கொட்டில். தன் உயரத்துக்குக் கிட்டிய இரும்புத் தடியால் கொதிக்கும் கரைசலை நாள் முழுவதும் கிண்டினார். தொன் கணக்கான தாதிலிருந்து 1902இல் கிடைத்தது ஒரு கிராமின் பத்திலொரு பங்கு ரேடியம் குளோரைட்டு. சில இரவுகளில் இருவரும் அந்தக் கொட்டிலுக்குத் திரும்பிப் போய், இருட்டில் நீலமாக ஒளிரும் குப்பிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

அந்த அழகான ஒளி சும்மா ஒளிரவில்லை. சட்டைப்பையில் ரேடியக் குழாயைக் கொண்டுபோன பெக்கரலின் தோல் வெந்தது. பியர் வேண்டுமென்றே தன் கையில் பத்து மணித்தியாலம் அதை வைத்துக் கட்டிப் பார்த்தார். புண் ஆற ஐம்பது நாட்களுக்கு மேல் எடுத்தது. மேரியின் விரல் நுனிகள் தடித்து நொந்தன. வேறு யாராக இருந்தாலும் அதைத் தூக்கி வீசியிருப்பார்கள். இவர்களுக்கோ வேறு யோசனை வந்தது. நல்ல தோலை எரிப்பது கெட்ட சதையையும் எரிக்குமல்லவா? பியர் சிறிதளவு ரேடியத்தை சென்-லூயி வைத்தியசாலையின் டொக்டர் டன்லோவிடம் கொடுத்தார். அவர் அதைத் தோல் நோயாளிகளில் பயன்படுத்தினார். 1903இல், தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகம் பெல், சிறு கண்ணாடிக் குழாயில் ரேடியத்தை அடைத்துக் கட்டியின் நடுவிலேயே வைத்தால் என்ன என்று ஒரு வைத்தியருக்கு எழுதினார். உம்மம்மாவுக்குச் செய்த சிகிச்சையின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதை நான் அறிந்த இடம் இது. அதன்பின் பரீட்சையை மறந்துதான் வாசித்தேன்.

1903ஆம் ஆண்டின் பௌதிகவியல் நோபல் பரிசுக்கு முதலில் மேரியின் பெயரே இல்லை. பியர் வற்புறுத்தியதால்தான் அது சேர்ந்தது. 1906 ஏப்ரல் 19இல் மழை பெய்த ஒரு பகலில் பியர் குதிரை வண்டியின் சில்லில் அகப்பட்டு இறந்தார். இரண்டு பெண் பிள்ளைகள், ஒன்றுக்கு எட்டு வயது, மற்றதுக்கு ஒன்றரை வயதும் ஆகவில்லை. மேரி அவருடைய விரிவுரைகளைப் பொறுப்பேற்று, சோர்போனில் கற்பித்த முதற் பெண்ணானார். 1911 ஜனவரியில் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் சில வாக்குகளால் அவரை நிராகரித்தது. அதே ஆண்டில் பத்திரிகைகள் அவருடைய சொந்த வாழ்க்கையைத் தெருவுக்கு இழுத்தன. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஆண்டே இரசாயனவியலுக்கான நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலாம் உலகப் போரில் எக்ஸ் கதிர்க் கருவி பூட்டிய வான்களைப் போர்முனைக்கு ஓட்டிப்போனதைப் பலரும் அறிவர். மகள் ஐரீனும் 17 வயதில் உடன் நின்றார். ஏறக்குறைய 150 பெண்களுக்கு அந்தக் கருவியை இயக்கப் பழக்கினார்கள். அதிகம் பேசப்படாத இன்னொன்றும் உண்டு. ரேடியத்திலிருந்து ரேடன் என்ற வாயு ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கும். மேரி அதைச் சேகரித்து மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் அடைத்து வைத்தியசாலைகளுக்கு அனுப்பினார். வைத்தியர்கள் அவற்றை ஊசிக்குள் வைத்து நோயுற்ற சதைக்குள் செருகினார்கள். ஒரு கிராம் ரேடியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் மூச்சை மட்டும் பங்கிட்டுக் கொடுத்த மாதிரி.

போருக்குப் பின் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் டொக்டர் ரெகோ என்பவரின் குழு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிறிதளவு ரேடியத்தை உள்ளே வைத்து, நாட்கணக்கில் விட்டு எடுக்கும் முறையை வகுத்தது. பாரிஸ் முறை என்று அதற்குப் பெயர். உள்ளே வைப்பது ஏன் என்பதற்கு எங்கள் பாடப்புத்தகமே பதில் சொல்கிறது. தூரம் இரு மடங்கானால் கதிரின் செறிவு நாலிலொன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதிலொன்று. கட்டியின் மடியிலேயே மூலத்தை வைத்தால் அடி முழுவதும் அதற்கே விழும். சில சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் உறுப்புகள் பெரும்பாலும் தப்பிக்கும். பிரான்சில் இன்றும் இந்தச் சிகிச்சைக்குக் கியூரியின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கியூரி தம்பதியர் தங்கள் முறைக்குக் காப்புரிமை எடுக்கவில்லை. உலகம் முழுவதும் தொழிற்சாலைகள் ரேடியம் செய்து விற்றன. ஒரு கிராம் 100,000 டொலர். கண்டுபிடித்தவருக்கு வாங்கக் காசில்லை. அமெரிக்கப் பெண்கள் பணம் சேர்த்து வாங்கிக் கொடுத்த ஒரு கிராமை 1921 மே 20இல் ஜனாதிபதி ஹார்டிங் கையளித்தார். அதற்கு முதல்நாள் இரவு மேரி பத்திரத்தைப் பார்த்துவிட்டு, அது தன் பெயரில் இருக்கக் கூடாது, தான் இறந்தால் பிள்ளைகளின் சொத்தாகிவிடும், ஆய்வுகூடத்துக்கே சேர வேண்டும் என்று சொல்லி அன்றிரவே மாற்றி எழுதுவித்தார். இவ்வளவு கண்டிப்பான ஒருவர் தன் உடம்பைப் பற்றி ஏன் கண்டிப்பாக இருக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதே அமெரிக்காவில், மணிக்கூட்டு முகங்களுக்கு ரேடிய வர்ணம் பூசிய இளம் பெண்கள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, தாடை அழுகி மாண்டார்கள். மேரியின் கண்களில் புரை படர்ந்தது. பலமுறை சத்திரசிகிச்சை செய்தும், பார்வை மங்கியது வெளியே தெரியாதிருக்க விரிவுரைக் குறிப்புகளைப் பெரிய எழுத்துகளில் எழுதிக்கொண்டார். தான் பெற்றெடுத்த பொருளைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

1934 ஜூலை 4இல், 66 வயதில், இரத்தம் ஊறும் என்பு மச்சை செயலிழந்து இறந்தார். 1995இல் உடலைப் பாந்தியோனுக்கு மாற்றத் தோண்டியபோது பரிசோதித்தவர்கள், ரேடியத்தைவிடப் போர்க்கால எக்ஸ் கதிர்களே கூடுதலான காரணமாக இருக்கலாம் என்று கருதினார்கள். அவருடைய குறிப்பேடுகள் பாரிஸ் தேசிய நூலகத்தில் ஈயப் பெட்டிகளில் இருக்கின்றன. இன்றும் அவற்றிலிருந்து கதிர் வருகிறது. ரேடியத்தின் அரைவாழ்வுக்காலம் சுமார் 1600 வருடங்கள்.

அந்த வரியை வாசித்தபோது எனக்கு உம்மம்மாவின் தனிப் பீங்கான்தான் நினைவுக்கு வந்தது. அவரும் அப்படித்தானா? அடுத்த தடவை கூடப்போன உம்மா, அங்கே ஒரு தாதி விளக்கியதை வந்து சொன்னார். மீதியை நான் தேடிப் படித்தேன். இப்போது ரேடியம் இல்லை, இரிடியம். முதலில் வெறும் குழாய்களைத்தான் உள்ளே பொருத்துகிறார்கள். எல்லோரும் வெளியேறிக் கதவைச் சாத்திய பின், ஈயமோ தங்குதனோ சூழ்ந்த பெட்டகத்திலிருந்து மெல்லிய கம்பியின் நுனியில் அரிசி மணியிலும் சிறிய இரிடியம் புறப்பட்டு, குழாய் வழியே போய், கணினி குறித்த இடங்களில் சில சில வினாடிகள் தரித்து நிற்கிறது. சில நிமிடங்களில் கம்பி அதை மீண்டும் பெட்டகத்துக்கே இழுத்துக்கொள்கிறது. பிறகு குழாய்களையும் எடுத்துவிடுகிறார்கள். தொட்டது கதிர் மட்டுமே, மூலம் தங்கவில்லை. விளக்கை அணைத்த அறையில் வெளிச்சம் மிஞ்சியிருக்குமா? முன்னர் ரேடியத்தைக் கையாண்ட வைத்தியரும் தாதியரும் ஒவ்வொரு நோயாளிக்காகவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்களும் எரிந்தார்கள். இப்போது அவர்கள் சுவருக்கு அப்பால் கமராவில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேரியின் குறிப்பேட்டைத் தொடப் பாதுகாப்பு உடை வேண்டும். என் உம்மம்மாவைத் தொட ஒன்றும் வேண்டாம். ஆறு வாரங்களாக நான் அவரைத் தொடாமல் இருந்திருக்கிறேன்.

அன்றிரவு பாயை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல், மேரி கியூரியின் கதையைச் சொல்லத் தொடங்கினேன். ஒரே இரவில் முடியவில்லை. கொட்டிலில் இரும்புத் தடியால் கிண்டிய இடத்தில், தொதல் கிண்டுகிற மாதிரியா என்று கேட்டார். கணவர் இறந்த இடத்தில் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடிக் குழாயில் வாயுவை அடைத்த இடத்தில் எழுந்து உட்கார்ந்தார். நோபல் பரிசுகளை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மனுசி விடிய விடியக் கொட்டிலில் நின்றால் பிள்ளையை யார் பார்த்தது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பியரின் வாப்பா பார்த்தார். அவரும் ஒரு டொக்டர். மனைவி இறந்த பின் மகன் வீட்டுக்கே வந்து, ஐரீனை வளர்த்தார், மகன் போன பிறகும் மருமகளோடேயே இருந்து 1910இல் இறந்தார். இதைச் சொன்னதும் உம்மம்மா திருப்தியாகப் படுத்துக்கொண்டார். அப்படி ஒரு மாமா வாய்த்தால் எந்தப் பெண்ணும் படிப்பாள் என்றார்.

அடுத்த மாதம் பரிசோதனைக்கு மஹரகமைக்குப் போக வேண்டும். இம்முறை கூடப் போவது நான். அந்த மாமாவின் கதையை பஸ்ஸில் இன்னொரு தடவை சொல்லும்படி இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.