வேல்சு நாட்டின் கடைசிக் கோமகன்

நாட்டை ஒன்றாக்க விரும்புகிறவன் முதலில் தன் உடன்பிறந்தாரோடே போர் புரிய நேர்ந்தால் என் செய்வான்? பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த லெவெலின் இவ்வினாவுக்கு வாளால் விடை கண்டான்.

இங்கிலாந்துக்கு மேற்கே மலைகள் நிறைந்த நாடு வேல்சு. அதன் வடபகுதி குவினெத். அதை ஆண்ட பெரிய லெவெலின் 1240இல் மறைந்தான். அவன் தன் மூத்த மகன் கிரிபித்தை ஒதுக்கிவிட்டு, ஆங்கில மன்னன் ஜானின் மகள் வயிற்றில் பிறந்த டாவிதுக்கே ஆட்சியை உரிமையாக்கியிருந்தான். கிரிபித் இலண்டன் கோட்டைச் சிறையில் வாடினான். 1244இல் துணிகளை முடிந்து கயிறாக்கி இறங்கித் தப்ப முயன்றவன், கீழே விழுந்து மாண்டான். அவன் மைந்தருள் ஒருவனே பெரியவனின் பெயரைத் தாங்கிய நம் லெவெலின்.

1246இல் சிற்றப்பன் டாவித் மகப்பேறின்றி இறந்தான். லெவெலினும் அண்ணன் ஓவைனும் நாட்டைப் பங்கிட்டுக்கொண்டனர். மறு ஆண்டே மூன்றாம் ஹென்றி, கான்வி ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலத்தைப் பறித்துக்கொண்டான். எஞ்சியதிலும் பங்கு கேட்டு எழுந்தான் தம்பி. அவன் பெயரும் டாவித். தந்தையின் நிலம் மைந்தர் அனைவருக்கும் உரியது என்பது வேல்சு வழக்கு. தம்பியின் கோரிக்கையில் நேர்மை இருந்தது. ஆனால், துண்டு துண்டாகும் நாடு ஆங்கிலேயருக்கு எளிய இரை ஆகாதா? ஹென்றி இப்பங்கீட்டை ஆதரித்ததன் பொருளும் அதுவே.

1255 சூன் திங்களில் பிரின் டெர்வின் என்னும் மலைக்கணவாயில் உடன்பிறந்தார் மோதினர். ஓவைனும் டாவிதும் ஒருபுறம், லெவெலின் மறுபுறம். போர் விரைவில் முடிந்தது. வென்றவன் லெவெலின். தம்பி அடுத்த ஆண்டே விடுதலை பெற்றான். அண்ணனோ இருபத்திரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தான்.

ஒன்றுபட்ட குவினெத் நிமிர்ந்தது. 1256இல் லெவெலின் கான்வியைக் கடந்து இழந்த நிலத்தை மீட்டான். 1267இல் மாண்ட்கோமரி உடன்படிக்கையில் ஹென்றியே அவனை வேல்சின் கோமகனாக ஏற்றான். அதற்கு விலை 25,000 மார்க்கு.

ஆனால் பங்கு பெறாத மனம் ஆறவில்லை. 1263இல் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த டாவித், மீண்டு வந்தபின் 1274இல் அண்ணனைக் கொல்லவே சூழ்ச்சி செய்து, முதலாம் எட்வர்டிடம் ஓடினான். லெவெலின் எட்வர்டுக்குப் பணிய மறுத்தான். 1277இல் எட்வர்டு படையெடுத்து அவன் நிலத்தின் பெரும்பகுதியைப் பறித்தான். ஓவைன் விடுதலையானதும் அப்போதுதான்.

1282இல் அதே டாவித் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தான். தன்னைக் கொல்ல முயன்ற தம்பியைக் கைவிட லெவெலினுக்குக் காரணம் இருந்தது. எனினும் போரில் இறங்கினான். அவ்வாண்டு சூனில் மனைவி எலினார் பெண் மகவை ஈன்று இறந்தாள். திசம்பர் 11ஆம் நாள் பில்த் நகருக்கு அருகே அவன் வீழ்ந்தான். அவன் தலை இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. மறு ஆண்டு டாவிதும் கொல்லப்பட்டான். குழந்தை குவென்லியன் ஆங்கிலக் கன்னிமடத்தில் வளர்ந்து, 1337இல் அங்கேயே மறைந்தாள்.

அவன் வீழ்ந்த கில்மெரியில் 1956இல் நட்ட கருங்கல் இன்றும் நிற்கிறது. வாளால் நாட்டை ஒன்றாக்கிய லெவெலினால் உடன்பிறந்தார் உள்ளங்களை ஒன்றாக்க முடியவில்லை. இறுதியில் பகைவன்முன் இருவரும் ஒருபக்கம் நின்றனர். ஆனால் காலம் கடந்துவிட்டது.