ஊசியை நகரவிடாதவர்

மார்கழியில் மயிலாப்பூர் சபா எதுக்காவது போனா, வீணையைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அதில் ஒட்டியிருக்கும் காசு அளவு கான்டாக்ட் மைக் பெரும்பாலும் ஒரு பீசோதான். அழுத்தினாலோ அதிர்ந்தாலோ மின்னூட்டம் தரும் பொருள். இந்தக் குணத்தைக் கண்டுபிடிச்சப்போ பியர் கியூரிக்கு வயசு 20. ஃபைனல் இயர் படிக்கிற உங்க வயசுதான்.

1859-ல் பாரிஸில் பிறந்தவர். ஸ்கூலுக்கே போகாமல் வீட்டில் படித்தவர். 1880-ல் அண்ணன் ஜாக்குடன் சேர்ந்து குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகங்களை அழுத்தி, அவற்றில் மின்னூட்டம் தோன்றுவதைக் காட்டினார்.

அதோடு விடலை. குவார்ட்ஸை வெச்சே ஒரு அளவுக் கருவி செய்தார்கள். அளக்க வேண்டிய மின்னூட்டம் ஒரு பக்கம் சேரும். எடை தொங்கவிட்ட குவார்ட்ஸ் அதே அளவு எதிர் மின்னூட்டத்தைத் தரும். எலெக்ட்ரோமீட்டர் பூஜ்யத்திலேயே நிற்கணும். எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் என்பதே விடை. மேரி கியூரி பிகோஆம்பியர் அளவு மின்னோட்டங்களை அளந்தது இதில்தான். தன் படிக ஆராய்ச்சியை ஒதுக்கிவிட்டு பியரும் அவருடன் சேர்ந்தார். 1898-ல் பொலோனியம், ரேடியம் இரண்டையும் அறிவித்தார்கள். 1903-ல் நோபல் பரிசு.

இப்போ உங்க பிரெட்போர்டுக்கு வாங்க. பீசோவை சாதாரண ஆம்ப்ளிஃபையரில் கொடுத்தா, கேபிளின் மின்தேக்குத்திறனும் கணக்கில் நுழையும். மீட்டருக்கு சுமார் 100 பிகோஃபாரட். கேபிளை மாத்தினா ரீடிங்கும் மாறும். சார்ஜ் ஆம்ப்ளிஃபையர் என்ன செய்யுது? ஃபீட்பேக் கெப்பாசிட்டர் வழியா எதிர் மின்னூட்டம் அனுப்பி, உள்ளீட்டைப் பூஜ்யத்திலேயே பிடிச்சு வைக்குது. கேபிளில் வோல்டேஜே ஏறலைன்னா அதன் மின்தேக்குத்திறனுக்கு அங்க என்ன வேலை? கெப்பாசிட்டர் 1000 பிகோஃபாரட் என்றால், 1000 பிகோகூலும் மின்னூட்டத்துக்கு 1 வோல்ட். கேபிள் நீளம் கிட்டத்தட்ட ஒரு பொருட்டே இல்லை.

1950-ல் வால்டர் கிஸ்ட்லர் இந்தச் சுற்றுக்கு சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்றார். பியர் கையால் எடை தொங்கவிட்டு செய்ததை, இது இடைவிடாமல் தானே செய்யுது.

அதைப் பார்க்க பியர் இல்லை. 1906 ஏப்ரல் 19, மழை நாள். பாரிஸ் தெருவில் குதிரை வண்டியில் சிக்கி இறந்தார். வயது 46.

அடுத்த தடவை சென்சார் ரீடிங் ஆட்டம் காட்டினா, ஊசி எவ்வளவு நகருதுன்னு பார்க்காதீங்க. அதை நகராம வைக்க எவ்வளவு கொடுக்கணும்னு பாருங்க.