ஸர் ஜான் பென்னெட் லாஸ்

இங்கிலாந்து தேசத்தில் ஹர்ட்போர்ட்ஷைர் என்னும் பகுதியிலே ராதம்ஸ்டெட் என்றொரு பழம்பெரும் பண்ணை உண்டு. அப்பண்ணைக்குரிய குடும்பத்தில் 1814-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ஆம் நாள் ஜான் பென்னெட் லாஸ் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். ஈட்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றும் பட்டம் பெறாமலே வீடு திரும்பினார். பரீட்சையே பெரிதென்றிருக்கும் நம்மனோர்க்கு இது சற்று வியப்பாகவே தோன்றும்.

பண்ணைப் பொறுப்பை ஏற்ற லாஸ், வீட்டின் படுக்கையறையொன்றை இரசாயனசாலையாக்கிக் கொண்டார். எலும்பைக் கந்தகத் திராவகத்தாற் பக்குவஞ் செய்து, பயிர் எளிதில் ஏற்கத்தக்க சூப்பர்பாஸ்பேட் எருவை ஆக்கும் முறைக்கு 1842-இல் உரிமை பெற்றார். அவ்வாணிபத்தால் வந்த செல்வமே பிற்காலத்து ஆராய்ச்சிகளுக்கு முதலாயிற்று. 1843-இல் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்னும் இரசாயன வல்லுநர் அவரோடு சேர்ந்தார். இருவரும் ஐம்பத்தேழு ஆண்டுகள் பிரியாது உழைத்தனர்.

அக்காலத்தில் விவசாய இரசாயனத்தில் ஜெர்மானியராகிய லீபிக்கின் சொல்லே மேலோங்கி நின்றது. பயிருக்கு வேண்டும் நைட்ரஜன் ஆகாயத்து அம்மோனியாவிலிருந்து போதிய அளவு கிடைக்குமென்றும், சாம்பற்சத்துக்களை நிலத்துக்கு ஊட்டினாற் போதுமென்றும் அவர் கருதினார். கில்பர்ட்டோ லீபிக்கினிடமே பாடங் கேட்டவர்! ஆயினும் ஆசிரியர் கூற்றையும் நிலத்தினிடமே கேட்டறிய அவ்விருவரும் துணிந்தனர்.

1843-இன் இலையுதிர்காலத்தில் பிராட்பாக் என்னும் வயலிலே கோதுமை விதைத்தனர். பின்னும் ஆண்டுதோறும் கோதுமையே விதைத்தனர். ஒரு பாத்திக்கு எருவே இல்லை, ஒன்றுக்குத் தொழுவெரு, ஒன்றுக்குச் சாம்பற்சத்து மட்டும், வேறு சிலவற்றிற்கு அதனோடு அம்மோனிய உப்பும் சேர்த்து, ஏக்கருக்கு 43, 86, 129 பவுண்டு நைட்ரஜன் என அளந்திட்டனர். சாம்பற்சத்து மட்டும் பெற்ற பாத்தி, எருவில்லாப் பாத்தியினும் சிறிதே மிகுதியாய் விளைந்தது. நைட்ரஜன் பெற்றவையோ செழித்தன. லீபிக்கின் கொள்கை நிற்கவில்லை.

ஆனால் இங்கே வேறொரு புதிர் எழுந்தது. இட்ட நைட்ரஜனையும், மணியிலும் வைக்கோலிலும் மீண்ட நைட்ரஜனையும் கணக்கிட்டபோது, பாதிகூடத் திரும்பவில்லை! எருவிற்றுப் பொருளீட்டியவர், எருவிற் பெரும்பகுதி பயிரைச் சேர்வதில்லையெனத் தாமே வெளியிட்டமையை நாம் அவர்தம் பெருமைகளில் தலையாயதாகக் கொள்கிறோம். 1849-இல் பாத்திகளின் நடுவே மண்குழாய்கள் பதிக்கப்பட்டிருந்தன. 1866 முதல் அவற்றின் வழி வடியும் நீரைப் பிடித்துச் சோதித்தனர். மண்ணில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறி, மாரிநீரோடு கரைந்தோடுவது வெளியாயிற்று. ஆகவே இலையுதிர்காலத்தில் இட்டு வந்த உப்பைப் பின்னர் வசந்தகாலத்துக்கு மாற்றினர்.

வடிநீரைச் சேர்த்தும் கணக்கு முற்றும் சரியாகவில்லை. 1886-இல் பிரான்சு தேசத்துக் கேயோனும் துப்பெத்தியும் இதற்கு ஒரு வழி காட்டினர். நீர் தேங்கிக் காற்றுப்புகாத மண்ணில், சில நுண்ணுயிர்கள் பிராணவாயு கிடையாமையால் நைட்ரேட்டிலுள்ளதைப் பறித்துக்கொள்கின்றன. அப்பொழுது நைட்ரஜன் தனித்தும், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயுவாகியும் ஆகாயத்தை அடைகிறது. குழாயிட்டுப் பிடிக்க இயலாத கள்வன் இவனே.

1882-இல் லாஸுக்குப் பாரனெட் பட்டம் வழங்கப்பட்டது. 1889-இல் ஆராய்ச்சிசாலையையும் 1,00,000 பவுனையும் தர்மநிதியாக ஒப்படைத்தார். 1900-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் காலமானார். மறு ஆண்டே கில்பர்ட்டும் மறைந்தார்.

1980-இல் தொடங்கி அதே பிராட்பாக் வயலில், அடையாளமாகக் கனநைட்ரஜன் கலந்த எருவை இட்டுப் பார்த்தனர். வசந்தகாலத்தில் இட்டதிற் பாதிக்கு மேல் பயிரிற் கண்டனர், ஒரு பகுதி மண்ணில் தங்கியிருந்தது, ஏனையது காணவில்லை. எருவிட்ட மூன்று வாரத்துள் மழை மிகுந்த ஆண்டுகளில் அந்நட்டமும் மிகுந்தது.