உட்கார வைக்கப்பட்ட நட்சத்திரம்: டிராஜென் பெட்ரோவிச்

கூடைப்பந்தில் இன்று ஐரோப்பியர்கள் அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் சிறந்த ஆட்டக்காரர் விருதை வெல்வது யாருக்கும் வியப்பாக இல்லை. 1989இல் நிலைமை வேறு. ஐரோப்பாவில் எதை வென்றிருந்தாலும் அங்கே போனால் பதிலாட்டக்காரர்தான். அந்த எண்ணத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் குரோஷியாவின் டிராஜென் பெட்ரோவிச்.

அன்றைய யுகோஸ்லாவியாவின் கடலோர நகரமான ஷிபெனிக்கில் 1964 அக்டோபர் 22ஆம் நாள் பிறந்தவர் அவர். அண்ணன் அலெக்சாண்டரும் கூடைப்பந்து ஆட்டக்காரர். அண்ணனைப் பார்த்துப் பந்தைத் தொட்ட தம்பி, பள்ளிக்குப் போகும் முன்பே விடியற்காலையில் அரங்கைத் திறந்து நூற்றுக்கணக்கான முறை கூடையை நோக்கி எறிந்து பழகினார். 15 வயதிலேயே ஊர்க் குழுவான ஷிபென்காவின் முதல் அணியில் இடம் கிடைத்தது.

1983இல் அந்தச் சின்ன ஊர் யுகோஸ்லாவிய லீக்கின் இறுதியாட்டம் வரை வந்தது. சரயேவோவின் போஸ்னா அணிக்கு எதிராக, கடைசி நொடியில் கிடைத்த இரண்டு தண்டனை எறிதல்களையும் 18 வயது பெட்ரோவிச் கூடைக்குள் போட்டார். ஊரே விடிய விடியக் கொண்டாடியது. மறுநாளே நடுவர் தீர்ப்பில் தவறு என்று கூறி, சங்கம் வெற்றியை ரத்து செய்து மறு ஆட்டத்துக்கு உத்தரவிட்டது. ஷிபென்கா ஆட மறுத்தது. கிண்ணம் போஸ்னாவுக்குப் போனது.

ராணுவச் சேவையை முடித்ததும் ஜாக்ரெப் நகரின் சிபோனா குழுவில் அண்ணனுடன் சேர்ந்தார். 1985, 1986 இரண்டு ஆண்டுகளும் ஐரோப்பியக் கிண்ணம் சிபோனாவுக்கே. இக்காலத்தில்தான் ஒரே லீக் ஆட்டத்தில் 112 புள்ளிகள் எடுத்தார். எதிரணி அன்று இளையோரைக் களமிறக்கியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 1989இல் ரியல் மாட்ரிட் சட்டையில், இத்தாலியின் கசெர்த்தா அணிக்கு எதிரான ஐரோப்பிய இறுதியாட்டத்தில் அவர் எடுத்த 62 புள்ளிகளுக்கு அப்படி எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

அவ்வாண்டே அவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அணியில் சேர்ந்தார். டிரெக்ஸ்லர், போர்ட்டர் என்ற இரு நட்சத்திரங்கள் அவருடைய இடத்தில் ஏற்கெனவே இருந்தனர். 48 நிமிட ஆட்டத்தில் பெட்ரோவிச்சுக்குக் கிடைத்தது சராசரியாக 13 நிமிடம்கூட இல்லை. அடுத்த பருவத்தில் அது ஏழெட்டு நிமிடமாகச் சுருங்கியது. சிறு வயதிலிருந்து களத்தை விட்டு இறங்காத ஒருவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது. அந்நாள்களில் இரவில் தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியில் இருந்த விளாடே டிவாட்ஸ். செர்பியரான டிவாட்ஸும் குரோஷியரான பெட்ரோவிச்சும் தேசிய அணியில் ஒரே அறையில் தங்கிய நண்பர்கள்.

1990இல் அர்ஜென்டினாவில் யுகோஸ்லாவியா உலகக் கிண்ணத்தை வென்றது. அந்த மகிழ்ச்சியே நட்பைக் குலைத்தது. களத்துக்குள் ஓடிவந்த ரசிகர் ஒருவர் கையில் குரோஷியக் கொடி இருந்தது. டிவாட்ஸ் அதைப் பறித்து வீசினார். வெற்றி முழு நாட்டுக்கும் உரியது என்பது அவர் எண்ணம். குரோஷியாவில் அதை அப்படி யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு போர் மூண்டது. பெட்ரோவிச் டிவாட்ஸுடன் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

1991 ஜனவரியில் நியூஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே நிமிடங்கள் கிடைத்தன, புள்ளிகளும் வந்தன. அடுத்த இரு பருவங்களில் ஆட்டத்துக்குச் சராசரியாக 20.6, பிறகு 22.3. மூன்று புள்ளி எறிதல்களில் நூற்றுக்கு 44க்கு மேல் கூடைக்குள் விழுந்தன. லீக்கின் மூன்றாம் சிறந்த அணியிலும் பெயர் வந்தது. அதே 1993இல் நட்சத்திர ஆட்டத்துக்கு மட்டும் அவரை அழைக்கவில்லை. அந்தக் காயம் அவருக்கு ஆறவில்லை. இடையில் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், புதிய நாடான குரோஷியாவுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தார். மைக்கல் ஜோர்டன் ஆடிய அமெரிக்க அணிக்கு எதிரான இறுதியாட்டத்தில் தோற்றாலும், அவர் எடுத்தது 24 புள்ளிகள்.

1993 ஜூன் 7. போலந்தில் தகுதிச் சுற்று முடிந்து திரும்பும் வழியில், அணியினர் பிராங்பர்ட்டிலிருந்து விமானம் ஏறினர். பெட்ரோவிச் காரில் போனார். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் மழை. நடுத்தடுப்பை உடைத்துக்கொண்டு வந்து குறுக்கே நின்ற லாரியில் கார் மோதியது. முன்னிருக்கையில் வார் அணியாமல் தூங்கிக்கொண்டிருந்த அவர் அங்கேயே உயிரிழந்தார். வயது 28.

நெட்ஸ் அணி அவருடைய 3ஆம் எண் சட்டையை அவ்வாண்டு நவம்பரிலேயே வேறு யாருக்கும் தராமல் ஓய்வளித்தது. 2002இல் அமெரிக்கக் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்திலும் இடம் கிடைத்தது.

டிவாட்ஸ் ஜாக்ரெப்புக்கு மீண்டும் வரப் பல ஆண்டுகள் ஆயின. 2010இல் வெளியான ஓர் ஆவணப்படத்துக்காக அந்த நகரத் தெருக்களில் நடந்தபோது, அடையாளம் கண்டுகொண்ட சிலரின் பார்வையில் பழைய கோபம் அப்படியே இருந்தது. பெட்ரோவிச்சின் தாயாரும் அண்ணனும் அவரை வீட்டுக்குள் அழைத்து உட்காரவைத்துப் பேசினர். பிறகு மிரோகொய் கல்லறைக்குப் போன டிவாட்ஸ், இருவரும் சேர்ந்திருந்த பழைய புகைப்படம் ஒன்றை அங்கே வைத்துவிட்டுத் திரும்பினார்.