வளைந்த விரல்கள்

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் எட்டயபுரம் அருகேயுள்ள வடமலாபுரத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவரது விருப்பம். ஆனால், முப்பது வயதில் கடுமையான மூட்டுவாதம் தாக்கி, கைவிரல்கள் கோணிப்போயின. படுத்த படுக்கையானார். தேறி எழுந்ததும் கண் மருத்துவம் பயின்று, அந்த விரல்களாலேயே அறுவைக்கத்தியைப் பிடிக்கப் பழகினார். தம் வாழ்நாளில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார்!

1976-இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தோர் துணையுடன் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஏழைகளுக்கு அங்குக் கட்டணமில்லை.

அக்காலத்தில் கண்புரையை அகற்றினாலும் தொல்லை முழுதாகத் தீராது. புரை படிந்த இயற்கை வில்லையையே எடுத்துவிடுவதால், நோயாளி தடித்த மூக்குக்கண்ணாடி அணிய வேண்டும். வயலில் அது விழுந்து உடைந்தால், மீண்டும் பார்வை மங்கல்தான். கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையைப் பொருத்தினால் அக்கண்ணாடி தேவையில்லை. ஆயினும், வெளிநாட்டு வில்லையின் விலை ஏறக்குறைய 100 அமெரிக்க டாலர். ஏழை உழவர் எங்கே போவார்?

அவ்வில்லையை மதுரையிலேயே செய்ய 1992-இல் ஆரோலேப் நிறுவப்பட்டது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். மதுரை வில்லைகள் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.