ஜிம்மி டூலிட்டில்

ஜேம்ஸ் ஹெரால்ட் டூலிட்டில் (டிசம்பர் 14, 1896 – செப்டம்பர் 27, 1993) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த விமானி, வானூர்திப் பொறியாளர், படைத்தளபதி ஆவார். 1942 இல் டோக்கியோ மீது நடத்தப்பட்ட குண்டுவீச்சுக்குத் தலைமை தாங்கியவர் என்றே இவர் பரவலாக அறியப்படுகிறார். தரைப்படை விமானியான இவர், கடற்படையின் களமாகக் கருதப்பட்ட கடல் வானூர்திப் பந்தயத்தில் 1925 இல் வென்றது, இரு படைகளின் விமானிகளுக்கிடையே நெடுங்காலம் பேசப்பட்ட வேடிக்கையாயிற்று.

இளமையும் கல்வியும்

டூலிட்டில் கலிபோர்னியா மாநிலத்தின் அலமீடா நகரில் பிறந்தார். சிறுவயதில் சில ஆண்டுகள் அலாஸ்காவின் நோம் என்னும் ஊரில் வளர்ந்தார். பெர்க்லியில் சுரங்கவியல் பயின்று கொண்டிருந்தபோது, 1917 இல் படையில் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பர் 24 இல் ஜோசபின் டேனியல்சை மணந்தார். முதலாம் உலகப் போரின்போது இவர் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. உள்நாட்டிலேயே பயிற்றுநராகப் பணியாற்றினார்.

1922 செப்டம்பரில் புளோரிடாவிலிருந்து சான் டியேகோ வரை, வழியில் ஒரே ஓரிடத்தில் மட்டும் எரிபொருள் நிரப்பி, 24 மணி நேரத்துக்குள் நாட்டைக் கடந்தார். பின்னர் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, 1925 இல் வானூர்திப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். பறக்கும் வானூர்தியின் இறக்கைகள் எவ்வளவு விசையைத் தாங்கும் என்பதை அறிய, தாமே வானூர்தியைச் செலுத்தி அளந்து பார்த்தது இவரது ஆய்வுகளுள் ஒன்று.

தரைப்படை – கடற்படைப் போட்டி

அக்காலத்தில் ஐக்கிய அமெரிக்காவுக்குத் தனி வான்படை இல்லை. தரைப்படை, கடற்படை ஆகிய இரண்டும் தத்தம் விமானிகளை வைத்திருந்தன. போர் முடிந்து நிதி சுருங்கியிருந்ததால், பந்தயங்களில் பெறும் வெற்றி மக்களின் ஆதரவையும் நாடாளுமன்றத்தின் கவனத்தையும் பெறும் வழியாக இருந்தது. தனி வான்படை வேண்டும் என வாதிட்ட தரைப்படை அதிகாரி பில்லி மிட்செல், 1925 செப்டம்பரில் இரு படைத்துறைகளின் தலைமையையும் கடுமையாகச் சாடியதால் படைநீதிமன்ற விசாரணைக்கு உள்ளானார். அவ்விசாரணை அக்டோபர் 28 இல் தொடங்கியது. டூலிட்டிலின் பந்தயம் அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர் நடைபெற்றது.

ஷ்னைடர் கோப்பை

ஷ்னைடர் கோப்பை கடல் வானூர்திகளுக்கான பன்னாட்டுப் பந்தயம் ஆகும். 1923 இல் அதை அமெரிக்கக் கடற்படை விமானி டேவிட் ரிட்டன்ஹவுஸ் வென்றிருந்தார். 1925 ஆம் ஆண்டுப் பந்தயங்களுக்காக இரு படைகளும் இணைந்து கர்ட்டிஸ் ஆர்3சி வகை வானூர்திகளை வாங்கின. சக்கரங்களுக்குப் பதிலாக மிதவைகளைப் பொருத்தினால் அவை கடல் வானூர்திகளாக மாறின. அக்டோபர் 12 இல் நடந்த புலிட்சர் பந்தயத்தில் தரைப்படையின் சைரஸ் பெட்டிஸ் முதலிடமும், கடற்படையின் ஆல் வில்லியம்ஸ் இரண்டாமிடமும் பெற்றனர்.

ஷ்னைடர் பந்தயம் அக்டோபர் 26 இல் பால்டிமோர் அருகே செசபீக் விரிகுடாவில் நடைபெற்றது. மிதவை வானூர்தியைக் கையாளும் பயிற்சியை டூலிட்டில் அனகோஸ்டியா கடற்படைத் தளத்திலேயே பெற்றிருந்தார். திருப்பங்களில் இறக்கைகள் ஏறத்தாழ செங்குத்தாகும்படி சாய்த்து, கம்பங்களை ஒட்டித் திரும்பி நேரத்தை மிச்சப்படுத்தினார். மணிக்கு சராசரியாக 374 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து முதலிடம் பெற்றார். பிரித்தானியாவின் ஹியூபர்ட் பிராட் இரண்டாவதாக வந்தார். கடற்படையின் இரு விமானிகளும் பந்தயத்தை முடிக்கவில்லை. மறுநாள் டூலிட்டில் மணிக்கு 395 கிலோமீட்டர் வேகத்தை எட்டிக் கடல் வானூர்திகளுக்கான உலக சாதனையையும் நிகழ்த்தினார்.

டூலிட்டில் டேட்டன் நகருக்குத் திரும்பியபோது, மக்குக் தளத்தின் சக விமானிகள் அவருக்குக் கடற்படைச் சீருடை அணிவித்து, சரக்குந்தின் மேல் ஏற்றிய ஒரு படகில் நிறுத்தி, தெருக்களில் ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். அவரது பெயருக்கு முன்னால் அட்மிரல் என்ற பட்டத்தைச் சேர்த்து எழுதிய பதாகையும் உடன் சென்றது. அவ்வாண்டுக்கான மெக்கே கோப்பை அவருக்கும் பெட்டிசுக்கும் வழங்கப்பட்டது. பந்தய வானூர்தி இப்போது அமெரிக்கத் தேசிய வான், விண்வெளி அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.

கருவிகளைக் கொண்டு பறத்தல்

1929 செப்டம்பர் 24 இல், மூடப்பட்ட விமானி அறையிலிருந்து வெளியே பாராமல், கருவிகளை மட்டும் கொண்டு மேலெழுந்து, பறந்து, தரையிறங்கிக் காட்டினார். மூடுபனியில் பறக்க வழிகாட்டிய இச்சோதனையைப் பலர் இவரது தலையாய பணியாகக் கருதுகின்றனர். இதற்குப் பயன்பட்ட என்ஒய்-2, கடற்படைக்காக உருவாக்கப்பட்ட பயிற்சி வானூர்தி வகையாகும்.

டோக்கியோ தாக்குதல்

1930 இல் முழுநேரப் படைப்பணியிலிருந்து விலகி ஷெல் நிறுவனத்தில் சேர்ந்த டூலிட்டில், 1940 இல் மீண்டும் பணிக்கு அழைக்கப்பட்டார். தரைப்படையின் பி-25 குண்டுவீச்சு வானூர்திகளைக் கடற்படையின் வானூர்தி தாங்கிக் கப்பலிலிருந்து செலுத்தும் திட்டம் இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. குறுகிய ஓடுதளத்திலிருந்து மேலெழும் பயிற்சியை அளிக்க வந்தவர் கடற்படை லெப்டினன்ட் ஹென்றி மில்லர். அவர் அதற்குமுன் பி-25 ஐ ஓட்டியதே இல்லை. ஆயினும் தரைப்படையினர் அவரிடம் பாடம் கற்றனர். பிற்காலத்தில் அவரைத் தம் குழுவின் மதிப்புறு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டனர்.

டூலிட்டில் பிறந்த அலமீடாவில் வானூர்திகள் ஹார்னெட் கப்பலில் ஏற்றப்பட்டன. 1942 ஏப்ரல் 18 இல் ஜப்பானியக் காவற்படகு ஒன்று கப்பலைக் கண்டுவிட்டதால், திட்டமிட்டதற்கு முன்பாகவே 16 வானூர்திகளும் 80 பேருடன் புறப்பட்டன. முதலில் மேலெழுந்தவர் டூலிட்டில். குண்டு வீசிய பின்னர் 15 வானூர்திகள் சீனாவை நோக்கிச் சென்று அழிந்தன. ஒன்று சோவியத் மண்ணில் இறங்கியது. மூவர் உயிரிழந்தனர். ஜப்பானியரிடம் பிடிபட்ட எண்மருள் மூவர் கொல்லப்பட்டனர், ஒருவர் சிறையில் இறந்தார். விமானிகளுக்கு உதவியதற்காகச் சீனப் பொதுமக்கள் பெருந்தொகையாகப் படுகொலை செய்யப்பட்டனர்.

வானூர்திகள் அனைத்தையும் இழந்ததால் தண்டனை கிடைக்கும் என டூலிட்டில் எதிர்பார்த்தார். மாறாக, நாட்டின் மிக உயரிய வீர விருது அவருக்குக் கிடைத்தது. வானூர்திகள் ஷாங்கிரி-லா என்ற கற்பனை நாட்டிலிருந்து புறப்பட்டதாகக் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் நகைச்சுவையாகக் கூறியிருந்தார். பின்னர் கடற்படை தன் புதிய கப்பல் ஒன்றுக்கு அப்பெயரையே சூட்டியது. 1944 இல் அக்கப்பலுக்குப் பெயர்சூட்டி வெள்ளோட்டம் விட்டவர் டூலிட்டிலின் மனைவி ஜோசபின்.

பிற்காலம்

ஐரோப்பியப் போர்முனையில் 8 ஆம் வான்படையின் தளபதியாக இருந்த டூலிட்டில், 1945 இல் செனட் குழுவின் முன் தனி வான்படைக்காக வாதிட்டார். வானூர்திகள் போதிய தொலைவு பறக்கத் தொடங்கினால் தாங்கிக் கப்பல்களுக்குத் தேவை குறையும் என்பது அவரது கருத்து. அத்தகைய கப்பலிலிருந்து புறப்பட்டே புகழ்பெற்றவரின் இவ்வாதம் கடற்படையினருக்கு உவப்பாக இல்லை. 1947 இல் ஐக்கிய அமெரிக்க வான்படை தனிப் படையாக உருவானது.

1985 இல் டூலிட்டில் முழு ஜெனரலாக உயர்த்தப்பட்டார். ஜோசபின், 1988 இல் அவர்களது 71 ஆம் மணநாளன்று காலமானார். டூலிட்டில் 1993 இல் தமது 96 ஆம் வயதில் கலிபோர்னியாவில் காலமானார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.